நான்கு ஓடுகளில் ஒரு முகப்பு

1931ஆம் ஆண்டு ஆனி மாதம், தன்னிடம் படித்த பாலேஸ்வரியின் கலியாணத்துக்குப் பலகாரம் சுடுகிற நாளில், வினிபிரட் அளவெட்டிக்குப் போனாள். கலியாணத்தன்று மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் பாலேஸ்வரியின் தகப்பன் ஆழ்வாப்பிள்ளை தன் வண்டிலையே அனுப்பி, ரீச்சர் முதலே வந்து நிற்காவிட்டால் பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள் என்று சொல்லியும் விட்டிருந்தார்.

வினிபிரட்டுக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தாள். பதினொரு வருடம் படிப்பித்தும் சித்திர ரீச்சரை ஒரு ரீச்சராக யாரும் எண்ணவில்லை. சோதனை கிட்டினால் அவளுடைய பாட நேரத்தைத்தான் கணக்குக்கும் இங்கிலிசுக்கும் பிடுங்கிக் கொடுப்பார்கள். அவளும் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பாள். பேசாமல் இருப்பது அவளுக்குச் சின்ன வயதிலேயே பழகிப்போன காரியம்.

ஆழ்வாப்பிள்ளை மகளுக்குச் சீதனமாகக் கட்டிய புது வீட்டில் உள்வேலை எல்லாம் முடிந்து, முகப்பு மட்டும் மிச்சம் இருந்தது. பின்வளவில் பெண்கள் பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகையிலிருந்து தப்பி முன்பக்கம் வந்த வினிபிரட், சாரத்தின் மேல் குந்தியிருந்த மேசனைக் கண்டாள். மெலிந்த மனிதர், நாற்பது வயதிருக்கும். வாசலுக்கு மேலே அரைவட்டமாக இருந்த முகப்பில் சுண்ணாம்புச் சாந்தை விரலாலேயே இழைத்துக்கொண்டிருந்தார்.

அவள் தலையை உயர்த்திப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றுவிட்டாள்.

ஊரில் எந்த வீட்டு முகப்பிலும் தாமரை இருக்கும், அல்லது இரண்டு கிளி இருக்கும், கிறிஸ்தவ வீடென்றால் முந்திரிகைக் கொடி இருக்கும். இங்கே அரைவட்டம் முழுவதையும் ஒரே ஒரு பனையோலை நிறைத்திருந்தது. விசிறிபோல விரிந்த ஓலை. ஒவ்வொரு நறுக்கின் நடு நரம்பும் தெரிந்தது. ஓலையின் அடியில் கடல் அலை மூன்று வரிசையாக ஓடியது. இடப்பக்கத்திலிருந்து நாலாவது நறுக்கு மட்டும் மற்றவற்றைப்போல் நிமிர்ந்து நிற்காமல், காற்றில் அடிபட்டதுபோல் நுனி மடிந்து கீழே தொங்கியது. அந்த மடிப்பினால் முழு ஓலைக்கும் உயிர் வந்திருந்தது.

"உது நீர் உம்மடை எண்ணத்துக்குச் செய்ததோ, இல்லை எங்கையும் பாத்ததோ?" என்று கேட்டாள்.

"எங்கை போய்ப் பாக்கிறது, ரீச்சரம்மா? ஐயா தாமரைதான் கேட்டவர். பனங்காணிக்குள்ளை கட்டின வீட்டுக்குத் தாமரை என்னத்துக்கு எண்டு கேட்டன். சரி, உன்ரை விருப்பத்துக்குச் செய் எண்டிட்டார்."

"அந்த மடிஞ்ச நறுக்கு?"

மேசன் சிரித்தார். "அது பிழைச்சது. முந்தநாள் வெயில் ஏறமுன்னம் சாந்து பிடிக்கேல்லை, நுனி வழுகிப்போச்சு. கொத்திப்போட்டுத் திரும்ப வைப்பம் எண்டுதான் உளியை எடுத்தனான். பிறகு பாத்தன், ஓலையெண்டால் எல்லாம் ஒரேமாதிரி நிமிந்தே நிக்கும்? அப்பிடியே மடிச்சு விட்டிட்டன்."

வினிபிரட் உள்ளே போய்த் தன் பையிலிருந்து சித்திரக் கொப்பியை எடுத்து வந்தாள். மணல் கும்பியின் மேல் கிடந்த பலகையில் இருந்து, வெளிச்சம் மங்கும்வரை வரைந்தாள். மேசன் இறங்கி வந்து கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். தான் செய்ததைக் கடதாசியில் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை.

"என்ரை பிழையும் அப்பிடியே வந்திட்டுது," என்றார். சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது.

பெயரைக் கேட்டாள். சிமியோன் என்றார், குருநகர் என்றார். படத்தின் கீழ்மூலையில் பென்சிலால் எழுதிக்கொண்டாள்: 'மேசன் சிமியோன், குருநகர்.'

அந்த வருடக் கடைசியில் கொழும்பிலிருந்த ஒரு வெள்ளைக்காரக் கம்பனி பள்ளிக்கூடங்களுக்குக் கடிதம் அனுப்பியது. இலங்கைக் கட்டடங்களின் அலங்காரங்களைப் பீங்கான் ஓடுகளில் படமாக வார்த்து, மரச்சட்டம் போட்டு, வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு விற்கப்போகிறார்கள். ஓடுகளைச் சீமையில் சூளை வைப்பார்கள். நல்ல சித்திரங்கள் இருந்தால் அனுப்பலாம். அதிபர் மிஸ் பார்ட்லெற் அந்தக் கடிதத்தை வினிபிரட்டின் மேசையில் வைத்துவிட்டுப் போனார். வினிபிரட்டுக்கு வேறு யோசனை எதுவும் வரவில்லை. அளவெட்டிப் படத்தைத்தான் எடுத்தாள்.

இரண்டு சனிக்கிழமை இருந்து அதற்கு மையிட்டாள். மை காய்ந்த பிறகு பென்சில் கோடுகளை றப்பரால் அழிப்பது வழக்கம். அதைத்தான் தன் மாணவிகளுக்கும் படிப்பித்தாள். மேலிருந்து கீழாக, கைபோன போக்கில், ஒரு கோடு விடாமல் அழித்துக்கொண்டு வந்தாள். மூலையில் இருந்த பெயரும் பென்சிலில்தான் இருந்தது. அதுவும் போயிற்று. றப்பர்த் தூளை ஊதித் தள்ளும்போதுதான் அதைக் கவனித்தாள். திரும்ப எழுதலாம் என்று நினைத்தாள். கம்பனி அனுப்பிய படிவத்தில் 'வரைந்தவர் பெயர்' என்று ஓர் இடம்தான் இருந்தது. அதில் தன் பெயரை எழுதினாள். வரைந்தது அவள்தானே.

கையறியாமல் அழித்தாளா, அறிந்துதான் அழித்தாளா என்ற கேள்வியை அவள் பிறகு தன்னிடமே எத்தனையோ தடவை கேட்டாள். ஒரு தடவைகூட நேரான பதில் கிடைக்கவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து, வைக்கோல் பொதிந்த மரப்பெட்டி ஒன்று ரயிலில் வந்து சேர்ந்தது. மிஸ் பார்ட்லெற் எல்லா ரீச்சர்மாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பெட்டியைத் திறப்பித்தார். உள்ளே முதிரை மரச் சட்டம். சட்டத்துக்குள் நான்கு ஓடுகள். மேலே இரண்டு, கீழே இரண்டு. நான்கும் சேர்ந்த இடத்தில் பனையோலை முழுதாக விரிந்தது. கோடுகள் எல்லாம் தடவினால் கைக்குத் தட்டுப்படும்படி சற்று மேலெழும்பி நின்றன. ஓலைக்குப் பழுத்த மஞ்சளும், அலைக்குக் கடற்பச்சையும், பின்னணிக்குப் பால் நிறமும் கொடுத்திருந்தார்கள். யன்னல் வெளிச்சம் பட்டபோது பளிங்குபோல மின்னியது. கூட வந்த கடிதத்தில், 'தங்கள் சொந்தக் கற்பனையில் உதித்த இந்த முகப்பு எங்கள் வரிசையிலேயே சிறந்தது' என்று இங்கிலிசில் எழுதியிருந்தது. மிஸ் பார்ட்லெற் அதை உரத்து வாசித்தார்.

சொல்லியிருக்கவேண்டியது அப்போதுதான். 'கற்பனை என்னுடையதல்ல, குருநகர் மேசன் ஒருவருடையது' என்று ஒரு வசனம். அவள் வாயைத் திறக்கவும் செய்தாள். அதற்குள் ரீச்சர்மார் கைதட்டினார்கள். பதின்மூன்று வருடத்தில் அவளுக்காக யாரும் கைதட்டியதில்லை. இப்போது வேண்டாம், பிறகு அதிபரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அன்று பின்னேரம் வீட்டில் தகப்பன் ஐசாக், சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தார். அவர் ஓய்வுபெற்ற தலைமை வாத்தியார். கண்பார்வை மங்கிக்கொண்டு வந்தது. மேலெழும்பிய கோடுகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"எனக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லையெண்டு எத்தினை பேர் என்ரை முகத்துக்கு நேரை சொன்னவை," என்றார். "இனிச் சொல்லட்டும் பாப்பம்."

அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அவர் இருக்கும் மட்டும் வேண்டாம் என்று தீர்மானித்துக்கொண்டாள்.

பள்ளிக்கூட மண்டபத்தில் சட்டத்தை மாட்டினார்கள். கொழும்பிலிருந்து வந்த சித்திரப் பரிசோதகர் அதன் முன்னால் நின்று, "இந்த மடிந்த நறுக்கில்தான் கலைஞரின் கை தெரிகிறது. சாதாரண ஆளுக்கு இப்படி ஒன்றைச் செய்யத் தோன்றாது," என்று மாணவிகளுக்கு விளக்கினார். வினிபிரட் பின்வரிசையில் நின்று கேட்டாள். காதுமடல் சுட்டது.

கம்பனி அதேபோல் நூற்றுக்கணக்கில் வார்த்து விற்றது. பெரியகடையில் ஒரு சாப்புக்காரர் கொழும்பிலிருந்து வரவழைத்துக் கண்ணாடி அலுமாரியில் அடுக்கினார். கிறிஸ்தவக் கலியாணங்களில் மாப்பிள்ளை பெண்ணுக்கு அதைப் பரிசாகக் கொடுப்பது நாகரிகமாயிற்று. சைவ வீடுகளின் விறாந்தைகளிலும் அது ஏறியது. 'வினிபிரட் ரீச்சற்றை ஓடு' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். சோதனைக் காலத்திலும் இப்போது அவளுடைய பாட நேரத்தை யாரும் கேட்பதில்லை.

1935இல் பாலேஸ்வரியிடமிருந்து கடிதம் வந்தது. புருஷன் கார் வாங்கிவிட்டார், கார் நிற்பதற்கு முன்பக்கம் சீமெந்துப் போட்டிக்கோ கட்டினார்கள், அதற்காகப் பழைய முகப்பை இடிக்கவேண்டி வந்தது, எனக்குத்தான் கவலை என்று எழுதியிருந்தாள். கடிதத்தைப் படித்து முடித்ததும் வினிபிரட்டின் நெஞ்சுக்குள் ஏதோ பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அது ஆறுதல் என்று உணர அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. உணர்ந்தபோது கடிதத்தை மடித்துப் பைபிளுக்குள் வைக்கப் போனவள், அங்கே வைக்கக் கூசி, மேசை லாச்சிக்குள் போட்டாள்.

அடுத்த வருடம் ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, டொக்டர் நோர்மனின் கார் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றது. நோர்மன் சுண்டிக்குளியில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி தேவமலர் வினிபிரட்டிடம் படித்தவள்.

"ரீச்சர், ஒருக்கா வந்து பாருங்கோ. ஒரு அநியாயம் நடந்திருக்கு," என்றாள் தேவமலர். என்ன அநியாயம் என்று கேட்டதற்கு, வந்து பார்த்தால் தெரியும் என்றாள்.

கார் வளவுக்குள் திரும்பியதுமே வினிபிரட் கண்டுவிட்டாள். வாசலுக்கு மேலே, அளவெட்டியில் இருந்ததைவிடப் பெரிதாக, பனையோலை விரிந்திருந்தது. சாந்து இன்னும் முழுக்கக் காயவில்லை. மூன்று வரிசை அலை. நாலாவது நறுக்கு மடிந்திருந்தது. இந்தத் தடவை அது வழுகியதால் வந்த மடிப்பு அல்ல. வேண்டுமென்றே, நிதானமாக, கை தேர்ந்தவர் மடித்த மடிப்பு. பழையதைவிட இது அழகாக இருந்தது.

சாரத்தின் அடியில் சிமியோன் நின்றார். தலைமயிர் நரைத்திருந்தது. அவளைக் கண்டதும், தெரிந்த ஒருவரைக் கண்ட மகிழ்ச்சியோடு தோளில் கிடந்த துவாயை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"நான் உவனிட்டை, உன்ரை எண்ணத்துக்குச் செய் எண்டுதான் சொன்னனான்," என்றார் நோர்மன். "நேற்றுச் சாரம் பிரிக்கவெண்டு பாத்தால், ரீச்சற்றை படம்! சனம் வந்து பாத்து, டொக்டர் வீட்டு முகப்பு கடையிலை விக்கிற ஓட்டைப் பாத்து அடிச்சதெண்டு சிரிக்காதோ? அந்த மடிஞ்ச ஓலையைக்கூட விட்டு வைக்கேல்லை."

"என்ன ஓடு, ஐயா?" என்று சிமியோன் கேட்டார்.

அவர் கேட்டது உண்மையாகவே தெரியாமல்தான். வீடுகளுக்கு வெளியேதான் அவருக்கு வேலை. குடியிருக்கிற வீட்டின் விறாந்தைச் சுவரை அவர் எங்கே கண்டார்? தேவமலர் பக்கத்துப் பழைய வீட்டுக்குள் ஓடிப்போய், தன் கலியாணத்துக்கு வந்த சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, முகப்புக்கு நேரே பிடித்தாள்.

சிமியோன் கிட்டப் போனார். சாந்து படிந்த கையை வேட்டியில் துடைத்துவிட்டு, ஓட்டின் மேல் வைக்காமல், ஓர் அங்குலம் தள்ளி, நாலாவது நறுக்குக்கு நேரே விரலைப் பிடித்தார். கீழே ஓட்டில் இருந்த சின்ன எழுத்தைப் பார்த்தார். அவருக்கு இங்கிலிசு வாசிக்கத் தெரியாது. "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"வினிபிரட் ஐசாக் எண்டு எழுதியிருக்கு. இவதான்," என்றாள் தேவமலர்.

சிமியோன் திரும்பி வினிபிரட்டைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. காத்துக்கொண்டிருப்பவர்போலப் பார்த்தார். அவள் ஒன்றும் சொல்லாதிருக்கக் கண்டு, அவரே அவளுக்கு வழி எடுத்துக் கொடுத்தார்.

"ரீச்சரம்மா, நீங்கள் அளவெட்டிக்கு வந்தனீங்கள்தானே?"

"ஓம், வந்தனான்," என்றாள் வினிபிரட்.

அடுத்த வசனம் நாக்கின் நுனியில் நின்றது. அதற்குள் நோர்மன் கையைத் தட்டினார்.

"பாத்தியளே! அங்கைதான் ரீச்சற்றை கொப்பியை எட்டிப் பாத்திருக்கிறான். இப்பதானே விளங்குது."

இல்லை என்று அவள் சொல்லவேண்டும். மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள். பள்ளிக்கூட மண்டபம், பரிசோதகர், சட்டத்தைத் தடவிக்கொண்டு வீட்டில் இருக்கிற அப்பா எல்லாரும் அவளுக்கு முன்னால் வந்து நின்றார்கள். மூன்று வருடம் பேசாமல் இருந்த பிறகு இப்போது சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றல்லவா கேட்பார்கள்? அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியாது.

"பரவாயில்லை, டொக்டர். நல்லாத்தானே செய்திருக்கிறார். இருக்கட்டும் விடுங்கோ. எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை."

"ரீச்சற்றை மனசு ஆருக்கு வரும்!" என்றாள் தேவமலர். "கேட்டீரோ, சிமியோன்? அவ மன்னிச்சிட்டா. உம்மடை அதிட்டம்."

சிமியோன் சட்டத்தை விட்டு விலகினார். சுவரோரம் கிடந்த கடகத்துக்குள் கையை விட்டு உளியையும் சுத்தியலையும் எடுத்தார். சாரத்தில் ஏறினார். முதல் அடி நடு நரம்பில் விழுந்தது. காயாத சாந்து, அடிக்கு அடி பெரும் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது.

"என்ன செய்யிறாய்?" என்று கத்தினார் நோர்மன். "இருக்கட்டும் எண்டு அவவே சொல்லிட்டா!"

"அவ சொல்லி அது இஞ்சை இருக்கவேண்டாம், ஐயா," என்றார் சிமியோன். அவ்வளவுதான் சொன்னார். அரைவட்டம் முழுவதையும் வெறும் செங்கல் தெரியக் கொத்தி முடிக்கும்வரை அவர் கீழே பார்க்கவில்லை. வினிபிரட்டின் சப்பாத்திலும் சேலைக் கரையிலும் சுண்ணாம்பு தெறித்தது. தேவமலர் அவளைக் கையில் பிடித்துக் காருக்குக் கூட்டிப் போனாள்.

அதன் பிறகு சிமியோன் எந்த வீட்டுக்கும் முகப்பு வேலை செய்யவில்லை. பார்த்துக் களவாய்ச் செய்கிற மேசன் என்று கதை பரவியதால் கூப்பிடுபவர்களும் குறைந்தார்கள். கூப்பிட்டவர்களிடமும் அவர் போகவில்லை என்றுதான் பின்னால் தெரிய வந்தது. கிணற்றுக்கட்டு, மதில், தொட்டி, இப்படித் தட்டையான வேலைகளைச் செய்தார். வினிபிரட் ஒருநாள் கச்சேரி ரோட்டில் நடந்து போகையில், மதில் ஒன்றுக்குச் சாந்து பூசிக்கொண்டிருந்த அவரைக் கண்டு மற்றப் பக்கத்துக்கு மாறிப் போனாள்.

1938இல் ஐசாக் காலமானார். சட்டத்தின் கோடுகளைத் தடவிப் பார்க்க வீட்டில் இனி ஒருவரும் இல்லை. அப்பா இருக்கும் மட்டும் என்று வைத்த தவணை முடிந்துவிட்டது. என்றாலும் அவள் சொல்லவில்லை. துக்கம் ஆறட்டும் என்றாள். பிறகு, மிஸ் பார்ட்லெற் சீமைக்குப் போகட்டும் என்றாள். மிஸ் பார்ட்லெற்றும் போனார். அந்த வருடமே பாலேஸ்வரியும் புருஷனோடு சிரம்பானுக்குக் கப்பலேறினாள். ஆழ்வாப்பிள்ளை செத்துப்போனார். அந்த முகப்பை அளவெட்டியில் கண்ணால் கண்டு, செய்தவர் யாரென்று சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு வந்தார்கள். அதை அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள்.

1942 சித்திரையில் கொழும்பில் யப்பான்காரன் குண்டு போட்ட பிறகு, பள்ளிக்கூட மண்டபத்தைப் பட்டாளத்துக்கு எடுத்தார்கள். சுவரில் இருந்தவற்றையெல்லாம் கழற்றி உரியவர்களிடம் கொடுத்தபோது, சட்டத்தை வினிபிரட்டின் கையில் கொடுத்தார்கள். 'உங்கடைதானே, ரீச்சர்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு படலைவரை வந்தவள், வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஒரு றிக்ஷோவை மறித்து, குருநகருக்கு என்றாள்.

வீட்டை விசாரித்துப் போனபோது சிமியோனின் மனைவி ஸ்ரெல்லா முற்றத்தில் மீனுக்குச் செதிள் உரித்துக்கொண்டிருந்தாள். யாரென்று கேட்டாள். வினிபிரட் தன் பெயரைச் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளே இருந்து சிமியோன் வந்தார். வாங்கு ஒன்றை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். அவள் இருக்கவில்லை.

"உங்களுக்கு ஒரு பெரிய அநியாயம் செய்துபோட்டன்," என்றாள். அளவெட்டியில் 'நீர்' என்று கதைத்தவள், இப்போது 'நீங்கள்' என்றாள். பெயரை அழித்ததிலிருந்து சுண்டிக்குளி வரை எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள். சிமியோன் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"உங்களுக்கு ஒண்டு தெரியுமே, ரீச்சரம்மா," என்றார் கடைசியில். "ஒரு வருசமாய் நான் யோசிச்சன். நீங்கள் நல்ல மனுசி, பொய் சொல்லமாட்டியள். அப்ப நான்தானோ எங்கையோ உங்கடை படத்தைப் பாத்திட்டு, என்ரை எண்டு நினைச்சுக்கொண்டு செய்தது எண்டு. இவளிட்டையும் கேட்டிருக்கிறன். எனக்கு விசர் பிடிச்சிட்டுதோ எண்டு கேட்டிருக்கிறன்."

வினிபிரட்டுக்கு அது நினைப்பில்கூட வராத ஒன்று. பெயரை எடுத்தாள், பிழைப்பைக் கெடுத்தாள் என்றுதான் இத்தனை வருடமும் கணக்கு வைத்திருந்தாள். அவர் தன்னையே நம்பாமல் ஒரு வருடம் இருந்திருக்கிறார்.

"எல்லாருக்கும் சொல்லுறன். ஒருத்தர் விடாமல் சொல்லுறன்," என்று அழுதாள்.

"சொல்லுங்கோ," என்றார் சிமியோன்.

சட்டத்தை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. ஸ்ரெல்லாதான் சொன்னாள்: "உதை இஞ்சை எங்கை கொழுவுறது? கொண்டு போங்கோ."

முதலில் தேவமலரிடம் போனாள். தேவமலர் முழுவதையும் கேட்டுவிட்டு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "அண்டைக்கு அந்த மனுசன் கொத்தினதை நினைச்சு இன்னும் மனம் வருந்துறியள், ரீச்சர். அதுக்காக உங்கடை பேரையே தூக்கிக் குடுக்கவேணுமே?" இல்லை, உண்மையாகவே அவர் செய்ததுதான் என்று வினிபிரட் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் தேவமலர் கண்கலங்கினாள். நோர்மன், ரீச்சருக்கு இளைப்பு, நல்லாய்ச் சாப்பிட்டு ஓய்வெடுக்கட்டும் என்றார்.

பழைய மாணவியர் கூட்டத்தில் எழும்பி நின்று சொன்னாள். நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். குரல் நடுங்காமல், தேதியோடு, ஊரோடு, பெயரோடு சொன்னாள். முடித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். புது அதிபர் எழும்பி, ஓர் எளிய தொழிலாளியைத் தன் புகழில் பங்காளியாக்கிய ரீச்சரின் தாழ்மையைப் பாராட்டினார். அடுத்த ஞாயிறு கோயிலில் போதகர் தாழ்மையைப் பற்றிப் பிரசங்கித்தபோது பெயர் சொல்லாமல் அவளையே உதாரணம் காட்டினார். சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. ஆதாரம் காட்ட அவளிடம் ஒன்றும் இல்லை. படம் கம்பனியோடு போய்விட்டது. சிரம்பானுக்குக் கடிதம் எழுதினாள். யப்பான்காரன் பிடித்த ஊருக்குத் தபால் போகாது என்று திரும்பி வந்தது.

ஒரு மாதம் கழித்துத் திரும்பவும் குருநகருக்குப் போனாள். சிமியோன் கடற்கரைப் பக்கம், குண்டு போட்டால் சனம் பதுங்குவதற்கென்று வெட்டிய குழிக்குச் சுவர் பூசிக்கொண்டிருந்தார். குழியின் விளிம்பில் நின்று அவள் சொன்னாள்:

"எல்லாருக்கும் சொல்லிட்டன். ஒருத்தரும் நம்பீனமில்லை."

"நம்பமாட்டினம்," என்றார் அவர், கையை நிறுத்தாமல். "அண்டைக்கு, அந்தச் சாரத்துக்குக் கீழை வைச்சு, ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பினம். நீங்கள் நிண்டியள், நானும் நிண்டன், மேலை அதுவும் இருந்தது. இப்ப ஆர் நம்புறது?"

"நான் இனி என்ன செய்ய?"

"ஒண்டும் செய்யவேண்டாம். கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, சீலையிலை சீமெந்து படும்."

அவள் தள்ளி நின்றாள். அவர் சாந்தகப்பையை மேலும் கீழும் இழுத்துச் சுவரை மட்டமாக்கினார். ஒரு கோடும் இல்லாத வெறும் சுவர். ஈரத்தில் அது பளபளத்துப் பிறகு மெல்ல மெல்ல வெளிறியது. அவர் அந்தப் பக்கம் முடித்து மற்றப் பக்கத்துக்குத் திரும்பும்வரை நின்றுவிட்டு, போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்துவிட்டாள். அவர் தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுக்குப் போகவில்லை. போனால் மன்னிப்பைக் கேட்டு நச்சரிப்பதுபோல் இருக்கும் என்று பட்டது. யாராவது ஓடுகளைப் பற்றிக் கேட்டால், கேட்ட ஒவ்வொருவரிடமும் சிமியோனின் பெயரைச் சொன்னாள். கேட்டவர்கள் சிரித்துத் தலையாட்டினார்கள்.

1947 மாரியில் சிமியோன் காய்ச்சலில் படுத்து எழும்பாமலே போய்விட்டார். பள்ளிக்கூடத்துக்கு மீன் கொண்டு வருகிற மனுசி சொல்லித்தான் வினிபிரட்டுக்குத் தெரிந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு போனாள். அடக்கப் பூசை நடந்த கோயிலுக்குள் போகாமல், சவம் வெளியே வரும்வரை படலையில் நின்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது. பெட்டியின் பின்னால் ஸ்ரெல்லா மகன் கனிசியசின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். படலையடியில் அவள் கண் வினிபிரட்டின் மேல் பட்டது. நடை ஒரு கணம் தளர்ந்தது.

"ஆரம்மா உவ?" என்று மகன் கேட்டது வினிபிரட்டின் காதில் விழுந்தது.

வினிபிரட் எதையும் ஏற்கத் தயாராக, குடையைத் தாழ்த்தி நின்றாள்.

"அப்பாவுக்குத் தெரிஞ்ச ஒரு ரீச்சர்," என்றாள் ஸ்ரெல்லா. பிறகு மகனின் தோளை அழுத்திக்கொண்டு பெட்டியின் பின்னே போனாள். வினிபிரட் சனம் எல்லாம் கடந்து போகும்வரை நின்று, கடைசி ஆளுக்கும் பின்னால், சற்று இடைவெளி விட்டு, குழி வெட்டியிருந்த சவக்காலைவரை நடந்தாள்.